ஏலத்தில் போன பனி

கிருபாபாயின் நாவலில் வருஷத்தின் முக்கால்வாசி நாள் பனி கொட்டியது. அவள் குடியிருந்த சங்கரன்கோவிலிலோ அந்த எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசிகூட ஏமாற்றிவிட்டுப் போயிருந்தது. குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டு உறைந்த ஆற்றைப் பற்றி யோசிக்கிற பெண், ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பனியை அவள் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் புத்தகத்தில் பிடித்த குளிர். இளையரசனேந்தலில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், கிணறு வற்றிக் கிடந்த ஒரு சித்திரையில், ஏதோ ஒரு வடதேசத்து நாவலின் மொழிபெயர்ப்பைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே பனி விழுந்தது. அவளுக்குப் பிடரி சிலிர்த்தது. டீச்சர் வேலை கிடைத்து, கல்யாணமாகி, சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகும் அந்தச் சிலிர்ப்பு அவளை விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் புத்தக வண்டி வந்து நின்றால் சம்பளக் கவருக்குச் சேதாரம்தான். ருஷ்யக் கதை, நார்வே கதை, பிரெஞ்சுக் கதை என்று கெட்டி அட்டைப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவாள். படித்துப் படித்து ஒருநாள் தானும் எழுத உட்கார்ந்தாள்.

அவளுடைய கதாநாயகியின் பெயர் மார்த்தா. பனி ஊரில் ஒரு மரவீட்டில் இருக்கும் தையல்காரி. புருஷன் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் ஊர் ஊராகத் தபால் கொண்டுபோகிறவன். ஒரு புயலில் போனவன் திரும்பவில்லை. செத்துவிட்டான், கறுப்பு உடுத்து என்று ஊர் சொல்கிறது. மார்த்தா மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

கிருபாபாயின் புருஷன் மாணிக்கராஜுக்கும் நாவலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவன் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவன். விடிந்தும் விடியாததுமாகப் பிச்சிக்கும் மல்லிகைக்கும் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு எழுதியதை அவள் அவனுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தட்டில் சோறு இருக்கிறவரைக்கும் அவன் எழுந்து போக முடியாதல்லவா.

அவனோ ஒப்புக்குத் தலையாட்டுகிறவன் இல்லை. சரக்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி கேள்வி கேட்பான்.

"எல்லாம் உறைஞ்சி கெடக்குன்னு சொல்லுத. அப்போ குதிரை எங்கனட்டி தண்ணி குடிக்கும்?"

அவள் முழித்தாள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. இரண்டு நாள் யோசித்து, மார்த்தா பானையில் பனியை அள்ளிப் போட்டு அடுப்பில் உருக்குவதாக எழுதினாள். பானை நிறைய அள்ளினாலும் உருகினால் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். மார்த்தா திரும்பத் திரும்ப வெளியே போய் அள்ளிக்கொண்டு வருகிறாள். புருஷன் போன பிறகும், இல்லாத குதிரைக்காகப் பழக்க தோஷத்தில் உருக்கி வைக்கிறாள். அந்த அத்தியாயத்தை வாசித்தபோது மாணிக்கராஜ் ரசத்துக்குக் கையேந்த மறந்துபோய் உட்கார்ந்திருந்தான். நாவலிலேயே அதுதான் நல்ல அத்தியாயம் என்று கிருபாபாய்க்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருவெல்லாம் ஏலம் போட்டுவிடுவான்.

ஆடித்தபசுக்குச் சாமி கும்பிட மதுரையிலிருந்து சுயம்புலிங்கம் வந்தார். புத்தகம் போடுகிறவர். கிருபாபாயோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் அண்ணன். தங்கை சொன்னதால் கைப்பிரதியை வாங்கி, தங்கியிருந்த இரண்டு நாளில் படித்துமுடித்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"டீச்சர், எழுத்து ஓடுது. அதுல குறையே சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா பனியை எடுத்துருங்க."

"எடுத்துட்டா என்ன மிஞ்சும்?"

"கரிசல் மிஞ்சும். நீங்க இளையரசனேந்தல்காரிதானே. குருவிகுளம் பக்கத்து வெயிலை வச்சு எழுதுனா இப்போ எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டுப் பனியை எழுதினா ஃபேனை மூஞ்சிக்கு நேராத் திருப்பி வச்சிட்டு எழுதினீங்களாம்மான்னு கேப்பாங்க. மார்த்தாவை மாரித்தாய் ஆக்குங்க. சறுக்குவண்டியை மாட்டுவண்டி ஆக்குங்க. தைக்குள்ள குடுங்க, நான் போடுதேன்."

கிருபாபாய் சரி என்று சொல்லிவிட்டாள். அச்சில் தன் பெயரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கரிசலை அவளுக்குக் காலடி மண்ணாகத் தெரியும். பழைய தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக எழுத ஆரம்பித்தாள். புயல், வறட்சி ஆனது. தபால்காரன் பருத்தி ஏற்றிப் போகிறவன் ஆனான். வேலை மளமளவென்று நடந்தது. "இது முடியட்டும், பழசைத் தூக்கிப் பேப்பர்காரனுக்குப் போட்டுருதேன்" என்று ஒருநாள் அலுப்பில் மாணிக்கராஜிடம் சொல்லவும் செய்தாள்.

ஒன்றுதான் உறுத்தியது. ராத்திரி வாசித்தால் அவன் கேள்வியே கேட்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்பான். சோற்றைப் பிசைவான். "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்து."

தை மாதம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவர்கள் சபையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் எது முதன்முதலாக விளைந்தாலும் அது ஆண்டவருக்கு. முதல் பூசணிக்காய், கோழியின் முதல் முட்டை, புதுத் தறியில் விழுந்த முதல் துணி, எல்லாம் பீடத்துக்கு முன்னால் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் வைத்து அவற்றை ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு, பொருள் எடுத்தவருக்கு. படைத்ததைத் திருப்பிக் கேட்கிற பேச்சே கிடையாது. ஏலம் கூறுவது வருஷா வருஷம் மாணிக்கராஜ்தான். அவன் கூறினால் வாடிய கத்தரிக்காய்கூட நிமிர்ந்து உட்காரும் என்பார்கள்.

கிருபாபாய் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சேவல் போனது. ஒரு சிப்பம் வத்தல் போனது. அடுத்து மாணிக்கராஜ் ஒரு துணிப் பொட்டணத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அது அவளுடைய பழைய பச்சைப் புடவையின் முந்தானைத் துண்டு. பனி நாவலை அதில்தான் கட்டி வைத்திருந்தாள்.

இருப்பது அந்த ஒரே பிரதிதான். புதியதற்கும் பாதி இன்னும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்று கால் துடித்தது. ஆனால் படைத்ததைப் பிடுங்கினாள் என்ற பேச்சு அவள் கல்லறை வரைக்கும் கூட வரும்.

"இது காயும் இல்ல, கனியும் இல்ல" என்றான் மாணிக்கராஜ். "என் வீட்டுக்காரி வெளைச்சல். முதல் காய்ப்பு."

கடலைக்கடை ஞானஒளிவு முன்வரிசையில் இருந்தார். "எடை எம்புட்டுவே வரும்? பொட்டலம் மடிக்க ஆவுமா?"

பந்தல் சிரித்தது. கிருபாபாய் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"மடிக்கலாம் அண்ணாச்சி. ஆனா கடலை நமுத்துப் போவும். உள்ள பூராவும் பனி."

"மார்கழிப் பனியா?"

"மார்கழிப் பனியெல்லாம் இதுகிட்ட வந்தா வேர்வைன்னுதான் சொல்லணும். இது வீட்டுக்கூரை உசரத்துக்குக் கொட்டுத பனி. காலையில கதவைத் தொறந்தா வாசல் இருக்காது. மம்பட்டி எடுத்து வெட்டி, வழி உண்டாக்கித்தான் வெளியே வரணும். நீங்க வானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குதுன்னு சொல்லுதீயள்லா, அங்கன வானத்துல இருந்து விழுதது போதும் போதும்ங்குதான்."

சிரிப்பு அடங்கியது. மழை கேட்டு ஜெபித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும். மாணிக்கராஜ் குரலைத் தாழ்த்தினான். பூ மார்க்கெட்டில் கடைசிக் கூடைக்கு இப்படித்தான் தாழ்த்துவான். மார்த்தாவைச் சொன்னான். தபால் வண்டியைச் சொன்னான். இல்லாத குதிரைக்குத் தண்ணீர் உருக்குகிறதைச் சொன்னான். ஒரு வரிகூட அவளுடைய வரி இல்லை, எல்லாம் அவன் வாய்வரி. ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை. எத்தனையோ ராத்திரி சோற்றோடு சோறாக அவன் இதையெல்லாம் உள்ளே வாங்கியிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் பொம்பள கறுப்பு உடுத்தினாளா இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"மாட்டேங்கா."

"வந்துட்டானா அவன்?"

"அதைச் சொல்லிட்டா யாரு எடுப்பா பெரியப்பா?"

ஏசுவடியாளின் தறிக்கூடத்தில் நூலைத் தார்க்கட்டையில் சுற்றுகிற ஞானபாக்கியம் பாயிலிருந்தே குரல் கொடுத்தாள். "எல்லாம் மூடிக் கெடந்தா சாப்பாட்டுக்கு என்ன செய்வா அண்ணாச்சி? கடை கண்ணிக்குப் போவ முடியாதே."

அது மாணிக்கராஜ் கேட்காமல் விட்ட கேள்வி. "அதை எழுதினவகிட்டதான் கேக்கணும்" என்று பெண்கள் பக்கம் கையைக் காட்டினான்.

பந்தலே திரும்பியது. கிருபாபாய் எழுந்து நின்றாள். தொண்டையில் முதலில் காற்றுதான் வந்தது.

"கோடையிலயே சேத்து வச்சுருவாங்க" என்றாள். "முட்டைக்கோசை நறுக்கி உப்புல போட்டுப் பீப்பாயில அமுக்கி வைப்பாங்க. மீனைப் புகையில தொங்கவிடுவாங்க." குரல் நிலைக்கு வந்தது. "ஆனா அந்த வருஷம் மார்த்தா ஒரு ஆளுக்குச் சேக்கல, ரெண்டு ஆளுக்குச் சேத்து வச்சிருந்தா. அவன் வரல. அதனால அவளுக்குச் சாப்பாட்டுக்குக் குறையே இல்ல. அதுதான் அவளுக்குத் தாங்கல. பாதிப் பீப்பாய் அப்படியே மிஞ்சிக் கெடக்கு."

அந்தக் கடைசி விஷயத்தை அவள் நாவலில் எழுதியிருக்கவில்லை. நின்ற இடத்தில் வந்தது. யாரோ நாக்கைத் தட்டி "ச்சோ" என்றார்கள்.

ஏலம் சூடு பிடித்தது. ஞானஒளிவுகூடப் பொட்டலப் பேச்சை விட்டுவிட்டு உண்மையாகவே கேட்டார். கிருபாபாயும் கையைத் தூக்கினாள். மாணிக்கராஜ் அவள் கேட்ட தொகையைக் கணீரென்று கூவிவிட்டு, அவளைவிடக் கூடக் கேட்க ஆள் உண்டா என்று மறுபக்கம் பார்த்தான். அந்த முகத்தில் புருஷன் இல்லை, ஏலக்காரன் மட்டும்தான் இருந்தான். ஏசுவடியாள் தலையை அசைத்து ஒரு தொகையைச் சொன்னாள். தறிக்கூடக்காரி, விதவை, கையை வீசி நடந்தால் ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவள் கேட்ட தொகை போன வருஷம் கிடாய் போன விலையைத் தாண்டியிருந்தது. அதற்குமேல் கேட்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கிருபாபாய் கேட்டாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீய?"

"பேப்பர்காரனுக்குப் போடப்போறேன்னு நீதான சொன்ன."

"அலுப்புல சொன்னதுக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியலட்டி." அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "பேப்பர்காரனுக்குப் போறது சபைக்காவது போவட்டும்னுதான் வச்சேன். முதல் வெளைச்சல் வேற."

"சரி, புதுசு எப்படி இருக்குன்னாவது நெசத்தைச் சொல்லுங்க."

அவன் கொடியில் கிடந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு என்ன கேக்கன்னே தெரியல. பருத்தி மூடை தெரியும், மாடு தெரியும், அந்த வெயிலும் தெரியும். அந்த ஊருக்கு என்னை நீ கூட்டிட்டுப் போவ வேண்டாம், நான் அங்கனதான் இருக்கேன். பனி ஊருக்கு நீ இல்லாம நான் எப்படிப் போவேன்? நீ என்னை அந்தப் பனியிலயே விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றான்.

கிருபாபாய்க்குக் கோபம் இருந்தது. ஆனால் அதைப் பிடித்து நிற்க இடம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் ஏசுவடியாளின் தறிக்கூடத்துக்குப் போனாள். கைப்பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்ளவாவது விடுங்கள் என்று கேட்கத்தான் போனாள்.

"எழுதிக்க" என்றாள் ஏசுவடியாள். "ஆனா இங்கன இருந்துதான். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இவளுகளுக்கு உன் எழுத்து விளங்கல. முதல்ல நீ ஒரு பாகம் வாசி. பெறவு உக்காந்து எழுது."

அப்படியே ஆனது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே போவாள். தறிகளை நிறுத்தி டீ குடிக்கிற நேரத்தில் ஒரு பாகம் வாசிப்பாள். தார் சுற்றுகிற பெண்கள் கன்னத்தில் கையை வைத்துக் கேட்பார்கள். பிறகு தறிகள் ஓட ஆரம்பிக்கும், அவள் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, மிஞ்சிய பீப்பாயை அதற்குரிய இடத்தில் சேர்த்து எழுதிக்கொண்டிருப்பாள். கரிசல் தாள்களை அந்த வாரம் அவள் தொடவில்லை.

சொன்னபடி சுயம்புலிங்கம் தை முடிவதற்குள் வந்தார். வீட்டில் மாணிக்கராஜ்தான் இருந்தான். "சரக்கு கைமாறிப் போச்சு அண்ணாச்சி. உடையவங்களைப் பாருங்க" என்று அவரைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிவந்து விட்டான்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "அம்மா, எழுதினது டீச்சர்தானே?"

"எழுதினது அவ. எடுத்தது நான்" என்றாள் ஏசுவடியாள். "கர்த்தர் சமுகத்துல வச்சு எடுத்தது."

"நல்லது. புஸ்தகமாப் போடத்தான் கேக்கேன். சில மாத்தம் மட்டும் செஞ்சிட்டு..."

"என்ன மாத்தம்?"

"பனியை எடுத்துட்டு..."

"பனியைப் பாத்துத்தான்யா நான் எடுத்தேன். கிடாய் எடுத்தவகிட்ட வந்து கொம்பையும் கறியையும் எடுத்துட்டுத் தாரேன்னு சொல்லுதீயளே. கரிசல் வேணும்னா ரயிலடிக்கு அந்தப்பக்கம் சும்மாவே கெடக்கு, அள்ளிட்டுப் போங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுயம்புலிங்கம் கிருபாபாயிடம் திரும்பினார். "டீச்சர், இவங்க பேசட்டும். நீங்க சொல்லுங்க. புதுசா எழுதினது உங்க கையிலதான இருக்கு? அதைக் குடுங்க. இன்னைக்கே வாங்கிட்டுப் போறேன்."

அவள் தோள்பையில்தான் இருந்தது. பாதிக்கு மேல் முடிந்த தாள்கள். எடுத்து நீட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் அனுப்பினால் சித்திரைக்குள் புத்தகம் வந்துவிடும். கிருபாபாய் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பந்தலில் எழுந்து நின்றபோது இருந்த நடுக்கத்தில் பாதிகூட இப்போது இல்லை.

"இது வேற நாவல்ங்க" என்றாள். "மார்த்தாவுக்குச் சேலை உடுத்திவிட்டா மாரித்தாய் ஆயிர மாட்டா. மாரித்தாய்க்குன்னு தனியாக் கதை இருக்கும். அதை நான் எழுதத்தான் போறேன், ஆனா அவசரமா இல்ல. இப்போ கையில இருக்கது பனி. போட்டா அதைப் போடுங்க. இல்லன்னா சங்கடப்படாமப் போயிட்டு வாங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"வித்துப் போகணுமே டீச்சர்."

"ஒரு பிரதி வித்தாச்சே. நல்ல விலைக்கு."

மாணிக்கராஜ் கதவோரம் நின்று தொண்டையைக் கனைத்தான். அவள் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது.

ஞானபாக்கியம் தார்க்கட்டையைக் கீழே வைத்தாள். "நீங்கதான் முழுக்கப் படிச்சீயளாமே. அந்தத் தபால்காரன்..."

"ஏட்டி, சும்மா இரு" என்று ஏசுவடியாள் அதட்டினாள். "அவரு சொல்லிட்டா பெறவு என்ன இருக்கு? நாம இன்னும் அங்கன போய்ச் சேரல."

சுயம்புலிங்கம் ஞானபாக்கியத்தைப் பார்த்தார். கூடத்தில் இருந்த மற்றப் பெண்களையும் ஒருதரம் பார்த்தார். எல்லாரும் அவர் வாயைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள், சொல்லிவிடுவாரோ என்கிற பயத்தோடு. புத்தகம் போடத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு பயத்தை அவர் எங்கேயும் கண்டிருக்க மாட்டார். வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு நூல் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"சரி. பனி இருக்கட்டும்" என்றார். "ஆனா டீச்சர், அட்டையில மட்டும் என் பேச்சைக் கேளுங்க. பனி வண்டியைப் போட்டா நம்ம கடைக்காரனுக்கு இன்னதுன்னே தெரியாது. ஒரு மாட்டுவண்டி போட்டுக்குவோம். வியாபாரத்துக்கு."

கிருபாபாய் யோசித்தாள். கதவோரம் நின்றவனை ஒருமுறை பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி போட்டுக்கோங்க" என்றாள். "ஆனா சக்கரம் இருக்கக் கூடாது. மாட்டுக்குப் பதிலாக் குதிரை இருக்கணும்."